இரு அலுவலகங்களுக்கிடையே காப்பான கணிப்பொறி இணைப்பு

ஊராட்சி நிருவாகத்தில் ஏடுகளைக் காத்தல் பணத்தைக் காத்தலுக்கு நிகரானதாகும். வெள்ளத்தால் பயிர் இழந்த விவசாயிகளின் பட்டியல், வீடு கட்ட உதவி பெறுவோரின் பட்டியல், அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள் ஆகியவை நம் அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றுள் ஓர் எண் மாறினாலும் ஒரு குடும்பத்திற்குச் சேர வேண்டிய தொகை வேறிடம் சென்றுவிடக்கூடும். முற்காலத்தில் இவ்வேடுகள் இரும்புப் பெட்டியில் இருந்தன. அரக்கு முத்திரையிட்ட உறையில் ஆள் மூலம் சென்றன. இன்று அவை கணிப்பொறியில் இருக்கின்றன; கம்பி வழியே செல்லுகின்றன. ஆதலின், அன்று உறைக்கு இருந்த காப்பு இன்று கம்பிக்கும் வேண்டும். அதனை அளிக்கும் ஏற்பாடே வி.பி.என். எனப்படுவது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையும் ஒரு கிராம ஊராட்சி அலுவலகத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்குவோம்.

இதன் தேவை

கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கம்பி கொண்டு செல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் எனப் பின்னர் பெயர் பெற்ற அத்திட்டத்தைத் தமிழ்நாட்டில் நிறைவேற்றும் பொறுப்பு டான்பிநெட் நிறுவனத்திடம் உள்ளது. கம்பி வந்துவிட்டால் காப்பும் உடன் வந்துவிடும் என எண்ணுதல் கூடாது.

அரசின் இணையத்தளங்களுக்குத் தனிக் காப்பு ஏற்கெனவே உண்டு. நாம் இங்குக் கருதுவது, ஒன்றிய அலுவலகத்தில் பொதுக் கோப்பறையாகப் பயன்படும் கணிப்பொறியை. மதிப்பீடுகள், வரைபடங்கள், பட்டியல்கள் ஆகியவற்றை அதில் வைத்து இரு அலுவலகத்தாரும் பார்க்க விரும்புவர். அதற்காக அக்கணிப்பொறியை இணையத்தில் எவரும் அணுகும்படி திறந்துவிடுதல், களஞ்சியத்தின் கதவைத் தெருப்பக்கம் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். பென்டிரைவில் கோப்பைச் சட்டைப்பையிலிட்டுச் செல்வதும் நன்றன்று; அது தொலையவும் கூடும், கணிப்பொறி நோயைச் சுமந்து வரவும் கூடும்.

சுரங்கம் இயங்கும் விதம்

இணையம் ஒரு பொதுச் சாலை. கணிப்பொறியிலிருந்து புறப்படும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொன்றின்மீதும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகள் இடம்பெறுகின்றன. பொட்டலம் மூடப்படாததாயின், வழியிலுள்ள நிலையங்களில் அதனைப் படிக்கலாம், மாற்றவும் கூடும்.

வி.பி.என். செய்வது யாதெனில், அலுவலகத்தின் வாயிலாக விளங்கும் ரவுட்டர், பொட்டலத்தை உள்முகவரியுடன் சேர்த்தே மறைமொழியாக மாற்றி, வேறொரு பொட்டலத்தினுள் வைத்து, எதிர் அலுவலக ரவுட்டரின் முகவரியை மேலே எழுதி அனுப்புகின்றது. எதிர்ப்புற ரவுட்டர் அதனைப் பிரித்துச் சோதிக்கின்றது. வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தள்ளிவிடுகின்றது. மாறாதிருந்தால் உள்ளே விடுகின்றது. பொதுச் சாலைக்குள்ளேயே மறைவான பாதை அமைவதால் இதனைச் சுரங்கம் என்பர்.

முறைகள் பல உண்டு. ஐபிசெக் முறையின் முதல் வரையறைகள் 1995இல் வெளிவந்தன. ஓபன்விபிஎன் 2001இல் தோன்றியது. வயர்கார்டு என்பது 2020இல் லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்க்கப்பெற்றது. அமைப்பதற்கு எளிதாதலால் அதனையே இங்குக் கொள்வோம். பிபிடிபி என்னும் பழைய முறையின் காப்பு உடைக்கப்பட்டுவிட்டது. சில ரவுட்டர்களில் அது இன்னும் காணப்படினும் தேர்ந்தெடுத்தலாகாது.

அமைக்கும் முறை

முதலாவது, அனுமதி. மாநில அரசின் வலையமைப்பில் ஏற்கெனவே இணைந்துள்ள அலுவலகம் தன் விருப்பப்படி வேறு பாதை அமைத்தல் கூடாது. உரிய தொழில்நுட்ப அலுவலரின் இசைவை எழுத்து மூலம் பெற்ற பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, முகவரி. கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பல 192.168.1 எனத் தொடங்கும் எண்களையே உள்முகவரியாகத் தருகின்றன. இரு தெருக்களிலும் ஒரே கதவு எண்கள் இருப்பின் தபால்காரர் திகைப்பதுபோல, இரு அலுவலகங்களிலும் ஒரே வரிசை இருப்பின் பொட்டலம் வழி தெரியாது நிற்கும். ஆகவே ஒன்றிய அலுவலகத்திற்கு 10.20.1 என்றும், ஊராட்சிக்கு 10.20.2 என்றும் தனித்தனி வரிசை வகுக்க வேண்டும். நான்காம் எண் அந்தந்தக் கணிப்பொறியைக் குறிக்கும். எதிர்காலத்தில் இணையும் ஊராட்சிகளுக்கும் இப்பொழுதே வரிசை ஒதுக்கிப் பதிவேட்டில் எழுதிவைத்தல் நலம்.

மூன்றாவது, நிலையான வாயில். கிராம இணைப்புகள் பலவற்றிற்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. அதனால் இடரில்லை. ஒன்றிய அலுவலகத்திற்கு மாறாத பொது முகவரி ஒன்று பெற்றால் போதும். ஊராட்சியின் ரவுட்டர் அதனைத் தேடிச் சென்று இணைப்பைத் தொடங்கும். ஒன்றியத்தின் ரவுட்டரில் இதற்கென ஒரு போர்ட்டை மட்டும் திறத்தல் வேண்டும். வயர்கார்டுக்கு 51820 என்பது வழக்கமான எண். பாதை தூர்ந்துபோகாதிருக்க, 25 வினாடிக்கு ஒருமுறை சிறு பொட்டலம் அனுப்புமாறு ஊராட்சியின் ரவுட்டரில் அமைக்க வேண்டும்.

நான்காவது, திறவுகோல். ஒவ்வொரு ரவுட்டரும் இரு திறவுகோல்களை உண்டாக்கிக் கொள்ளும். ஒன்று மறைவானது, மற்றது பொதுவானது. ஒவ்வொன்றும் 44 எழுத்துகளாக எழுதப்பெறும். பொதுத் திறவுகோலை எதிர் அலுவலகத்திற்குக் கொடுக்க வேண்டும். மறைவானதை எவருக்கும் கொடுத்தலாகாது. தன் மறைத் திறவுகோலையும் எதிராளியின் பொதுத் திறவுகோலையும் கொண்டு இரு ரவுட்டர்களும் ஒரே இரகசிய எண்ணைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளுகின்றன. அவ்வெண் கம்பியில் செல்வதே இல்லை. இத்தகைய முறையை டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அறிஞர்கள் 1976இல் வெளியிட்டனர். போக்குவரத்து நடக்கும்பொழுது சுமார் 2 நிமிடத்திற்கு ஒருமுறை புதிய இரகசிய எண் உண்டாகும். பொதுத் திறவுகோலைப் பெற்றவர், அது உண்மையில் எதிர் அலுவலகத்தினுடையதே என்பதை நேரிலோ, குரல் அறிந்த அலுவலரிடம் தொலைபேசியிலோ படித்து ஒப்பிட்டுக் கொள்ளுதல் இன்றியமையாதது.

ஐந்தாவது, எல்லை. ஊராட்சியின் ரவுட்டரில் 10.20.1 வரிசைக்குச் செல்வன மட்டும் சுரங்கத்தில் நுழையுமாறும், ஒன்றியத்தின் ரவுட்டரில் 10.20.2 வரிசைக்குச் செல்வன மட்டும் நுழையுமாறும் குறிக்க வேண்டும். வந்த பொட்டலம் எல்லாக் கணிப்பொறிகளையும் அணுகவும் விடலாகாது. கோப்பறைக் கணிப்பொறி ஒன்றை மட்டும் அணுகுமாறு காவல் விதி அமைத்தல் வேண்டும். விருந்தினரைத் திண்ணையில் அமர்த்தலாம். நெற்குதிரின் சாவியைக் கொடுக்க வேண்டுவதில்லை அன்றோ?

சோதனையும் பழுதும்

அமைத்த பின், ஊராட்சிக் கணிப்பொறியிலிருந்து கோப்பறைக் கணிப்பொறியை அழைத்துப் பதில் வருகின்றதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் ஒரு பெரிய வரைபடத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும். சிறு கோப்புகள் சென்று பெரியவை மட்டும் நின்றுவிடுமாயின் காரணம் இது: சாதாரணப் பொட்டலத்தின் அளவு 1,500 பைட்; உறைக்குள் உறை வைப்பதால் உள்ளே இடம் குறைகின்றது. சுரங்கத்திற்கு 1,420 பைட் என வைப்பது வழக்கம். தேவையாயின் இன்னும் குறைக்கலாம். இறுதியாகச் சுரங்கத்தை நிறுத்திவிட்டு மீண்டும் அழைக்க வேண்டும். அப்பொழுதும் கோப்பறை திறக்குமாயின், வேறெங்கோ கதவு திறந்திருக்கின்றது என்று பொருள்.

கிராமங்களில் மற்றொரு தொல்லையும் உண்டு. மின்சாரம் நின்று வந்தபின் சில சிறு ரவுட்டர்களின் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். முன்பு கண்டதற்கு முற்பட்ட நேரம் குறித்த அழைப்பை வயர்கார்டு ஏற்பதில்லை. பழைய அழைப்பைக் களவாடி எவரேனும் மீண்டும் அனுப்புவதைத் தடுக்கவே இவ்விதி. ஆகையால் ரவுட்டர் சரியான நேரத்தைச் சுரங்கத்தின் வழியாக அன்றிப் பொது இணையத்திலிருந்து முதலில் பெறுமாறு அமைக்க வேண்டும்.

மனிதர் பொறுப்பு

சுரங்கம் வழியைக் காக்கும். வழியின் இரு முனைகளிலும் உள்ள வீடுகளைக் காவாது. ஊராட்சிக் கணிப்பொறியில் நோய் புகுந்தால், அது அதே சுரங்கத்தின் வழியே ஒன்றியத்தையும் அடையக்கூடும். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைத்தால் மறைமொழியால் யாது பயன்? எனவே மறைத் திறவுகோலைக் காசோலைப் புத்தகத்தையும் அலுவலக முத்திரையையும் காப்பதுபோல் காக்க வேண்டும். ரவுட்டரைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். அதனைக் கையாண்ட ஊழியர் மாறுதலாகிச் செல்லும்பொழுது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இதனையும் சேர்த்துத் திறவுகோலைப் புதுப்பிக்க வேண்டும். ரவுட்டர் களவு போயின் அதன் பொதுத் திறவுகோலை ஒன்றியத்தின் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிடின், அதன் வழியே சுரங்கத்தில் எவரும் நுழைய இயலாது. அன்னியர் புகுந்தமை தெரியவந்தால், சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த பணிப்பின்படி 6 மணி நேரத்திற்குள் அவ்வமைப்பிற்கு அறிவித்தல் கடமை.

உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை

கருவிகளின் நுட்பம் அனைத்தையும் ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டுவதில்லை. எனினும் கூட்டத்தில் மூன்று வினாக்களை அவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். மறைத் திறவுகோல் யார் பொறுப்பில் உள்ளது? அது கடைசியாக எப்பொழுது மாற்றப்பெற்றது? சுரங்கத்தின் வழியே எந்தக் கணிப்பொறியை அணுக முடியும்? இம்மூன்றிற்கும் பதிவேட்டைப் பார்த்து விடை கூறும் அலுவலகத்தில் காப்பு உண்டு எனக் கொள்ளலாம். விடை கிடையாதவிடத்து, கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் காப்பு இல்லை.

விவசாயி தன் கணக்கு எண்ணை நம்மிடம் எழுதிக் கொடுப்பது நம்பிக்கையினால். அந்நம்பிக்கைக்குப் பூட்டும் திறவுகோலும் அமைத்துக் காப்பது, கால்வாயைத் தூர் எடுத்து நீரைக் கடைமடை வரை சேர்ப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று.