கால்பந்து ஏன் நம் கடைவீதிக்கு வரவில்லை?

தை பிறந்துவிட்டால் கீழப்பழுவூர் கடைவீதியில் நன்கொடை நோட்டுகள் வரத் தொடங்கும். திருச்சி சாலையும் தஞ்சாவூர் சாலையும் சந்திக்கிற ஊர் இது. ஆகவே சுற்றுப்பட்டுக் கிராமத்து இளைஞர்கள் அனைவரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நம் கடைகளுக்குத்தான் வருவார்கள். கபடிக்கு முதல் பரிசு யார், சுழற்கோப்பை யார் என்று கேட்பார்கள். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குப் பந்து உபயம் கேட்பார்கள். கைப்பந்துக்கும் எப்போதாவது ஒரு நோட்டு வரும். கால்பந்து என்று எழுதிய நோட்டை நம் உறுப்பினர்கள் பார்த்தது அபூர்வம்.

உலகத்தில் அதிக நாடுகள் ஆடுகிற, அதிக மக்கள் பார்க்கிற ஆட்டம் கால்பந்து. அது நம் நாட்டில், அதிலும் நம் பகுதியில், ஏன் வேர் பிடிக்கவில்லை? விளையாட்டுப் பத்திரிகைகள் இதற்குப் பல காரணங்கள் எழுதிவிட்டன. வியாபாரிகளாகிய நாம் இதை நம் கண்ணால் பார்த்தால் வேறு ஒரு காரணம் தெரிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நமக்குக் கால்பந்து ஆடத் தெரியாது என்பது சரியல்ல. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலும், 1962-ல் ஜகார்த்தாவிலும் தங்கம் வாங்கியது இந்தியா. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். அந்தக் காலத்தில் நம் கிரிக்கெட் அணி வெளிநாட்டில் ஒரு டெஸ்ட் வென்றதில்லை. 1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. வெறுங்காலால் ஆட அனுமதி இல்லாததால் போகவில்லை என்று ஒரு கதை உண்டு. ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கோப்பை பெரிதல்ல என்று அன்றைய நிர்வாகம் நினைத்ததே உண்மைக்கு நெருக்கமான காரணம். கேட்க நன்றாக இருப்பதால் வெறுங்கால் கதைதான் நிலைத்துவிட்டது.

"ஒன்றரை மணி நேரம் ஓடுகிறான், கடைசியில் ஒரு கோல்கூட இல்லை" என்பார்கள் சிலர். அமெரிக்காவிலும் இதையேதான் சொன்னார்கள். அந்த நாட்டில் பேஸ்பால், கூடைப்பந்து, அவர்களுடைய முட்டைப் பந்து ஆட்டம் ஆகியவை ஊன்றிவிட்டதால் கால்பந்து பலமுறை கடை திறந்து பலமுறை மூட வேண்டியதாயிற்று. 1975-ல் பீலேயையே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு அழைத்துவந்து ஆட வைத்தார்கள். கூட்டம் வந்தது. ஆனாலும் அந்த லீக் 1984-ஆம் ஆண்டு ஆட்டங்களோடு படுத்துவிட்டது.

அதற்கும் முன்பு, 1967-ல் நடந்த ஒரு சங்கதி நமக்கு உடனே புரியும். அங்கே தொலைக்காட்சியில் லீக் ஆட்டங்களை ஒளிபரப்பினார்கள். கால்பந்தில் பாதி ஆட்டம் 45 நிமிடம் நில்லாமல் ஓடும். விளம்பரத்தை எங்கே போடுவது? ஒரு நடுவர், தாம் ஓர் ஆட்டத்தில் ஊதிய 21 தவறுகளில் 11 விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காக ஊதியவை என்று ஒப்புக்கொண்டதாக அப்போதே செய்தி வந்தது. பந்தோடு ஓடுகிறவனை நிறுத்தி வைத்து சோப்பு விற்றிருக்கிறார்கள்!

இதைக் கிரிக்கெட்டோடு வைத்துப் பாருங்கள். ஓவருக்கு ஓவர் ஆள் இடம் மாறுகிறான். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அப்படி ஏறக்குறைய நூறு இடைவெளி. விக்கெட் விழுந்தால் இன்னொன்று. தண்ணீர் குடிக்க ஒன்று. போதாதென்று ஐ.பி.எல். 2009-ல் ஆட்டத்தின் நடுவே 'டைம் அவுட்' என்று ஒன்றையும் கொண்டுவந்தது. இப்போது ஓர் ஆட்டத்தில் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். விளம்பரக்காரனுக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஓர் ஆட்டத்துக்கு நூறு கோடிக்கு மேல் விழுகிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமோ, தன் வணிக உரிமைகளை எல்லாம் 2010-ல் 15 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அதில் ஆண்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 50 கோடி. வருஷம் முழுவதற்கும் கால்பந்துக்கு வந்தது, கிரிக்கெட்டின் ஒரு ராத்திரி வரவில் பாதிகூட இல்லை.

கிரிக்கெட்டும் பிறக்கும்போதே பணத்தோடு பிறக்கவில்லை. 1983-ல் உலகக் கோப்பையை வென்று வந்த அணிக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லாமல், லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாட்டுக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார். நிலைமை மாறியது 1990-களில். தாராளமயம் வந்தது, தனியார் தொலைக்காட்சி வந்தது. 1993-ல் ஒளிபரப்பு உரிமையை வாரியம் வெளியாருக்கு விற்றது. வழக்கு நடந்து, ஒலி-ஒளி அலைகள் அரசின் தனிச்சொத்து அல்ல என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1996 உலகக் கோப்பையில் கோக்கும் பெப்சியும் மோதிக்கொண்டதை நாம் மறக்கவில்லை. அதிகாரபூர்வ பானம் என்று ஒருவன் பணம் கட்டினான். அதையே கேலி செய்து இன்னொருவன் விளம்பரம் செய்தான். நம் கடைகளுக்குக் குளிர்பெட்டியும், பெயர்ப்பலகையும், 'இத்தனை கிரேட் எடுத்தால் இத்தனை இலவசம்' என்ற ஸ்கீமும் வந்து சேர்ந்தன.

சின்னக் கடைக்காரர்களுக்கு இன்னும் பழைய நினைவு இருக்கும். 1980-களின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம் உறைக்குள் ஓட்டம் அச்சிட்ட சீட்டு வரும். பையன்கள் நூறு ஓட்டம் சேர்க்க வேண்டும் என்று பாட்டிலையே காலி செய்தார்கள். 1999-ல் பிரிட்டானியா, பிஸ்கட் உறையைச் சேர்த்தால் உலகக் கோப்பை பார்க்க இங்கிலாந்து போகலாம் என்றது. கிரிக்கெட் நம் பெட்டிக்கடைக்குள் வந்தது மட்டையைப் பிடித்துக்கொண்டு அல்ல. மிட்டாயையும் பிஸ்கட்டையும் பிடித்துக்கொண்டு. இப்படி ஒரு சீட்டோ உறையோ கால்பந்து பெயரால் நம் கடையில் ஓடியதாக நமக்கு நினைவில்லை.

இன்னொன்று. கிரிக்கெட், தராசைப் பிடித்துக்கொண்டே பார்க்கிற ஆட்டம். அரைக் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த ஓவர். வழியில் போகிறவர் "ஸ்கோர் என்ன?" என்று கேட்டால் ஒரு வாயில் பதில் சொல்லிவிடலாம். பகல் ஆட்டங்கள் நடந்த காலத்தில், டி.வி. வைத்த கடைக்கு எதிரே கூட்டம் நிற்கும். நிற்கிறவர் டீ குடிப்பார், வாழைப்பழம் வாங்குவார். கால்பந்தில் நாம் பொட்டலம் கட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில் கோல் விழுந்துவிடும். மீதி 89 நிமிடம் "ஸ்கோர் என்ன?" என்பதற்கு அதே பதில்தான். உலகக் கோப்பைக் கால்பந்தோ பெரும்பாலும் நடுச்சாமத்தில் வரும், ஷட்டரை இறக்கிப் பல மணி நேரம் ஆன பிறகு.

ஆடுகிறவனுக்குச் சோறு போட்டது யார் என்றும் பார்க்க வேண்டும். சென்னையில் கால்பந்துக்காரர்களுக்கு வேலை கொடுத்தவை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கம், வருமான வரி போன்ற அரசு சார்ந்த இடங்கள். 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீகில் தமிழ்நாட்டின் பெயரைச் சொல்லி ஆடியது இந்தியன் வங்கி அணி. அரசு வேலையில் ஆள் எடுப்பது குறையக் குறைய, பந்தை உதைக்கிற பையனின் அப்பா "இதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்கத் தொடங்கினார். கிரிக்கெட்டுக்கு வேலை கொடுத்தவை தனியார் கம்பெனிகளும்கூட. நம் அரியலூர் மண்ணுக்கே அதில் சம்பந்தம் உண்டு. தளவாயில் சிமெண்ட் ஆலை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ்தான் 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸை ஏலம் எடுத்தது. (அந்தக் கம்பெனியே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது, கிரிக்கெட் அணி அதற்குப் பல ஆண்டு முன்பே தனிக் கம்பெனியாகிவிட்டது.) நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லுக்கும் மஞ்சள் சட்டைக்கும் இப்படி ஓர் உறவு!

சரக்கு விஷயமும் உண்டு. ரப்பர் பந்து எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். மட்டையைத் தச்சர் செதுக்கித் தருவார். கபடிக்கு ஒரு கோடு போதும். கால்பந்துக்கோ காற்றடிக்கும் பம்பு வேண்டும், ஊசி வேண்டும், ப்ளாடர் போனால் மாற்ற ஆள் வேண்டும். நம் பக்கத்துத் தரிசும் ஏரியும் சீமைக்கருவேல முள். நாலாம் நாள் பந்து சப்பையாகிவிடும். பந்து தயாராவது ஜலந்தரிலும் மீரட்டிலும். இங்கே யாரும் ஸ்டாக் வைப்பதில்லை. கேட்பவர் இல்லாததால் வைப்பதில்லை, வைக்காததால் கேட்பவரும் இல்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது பணமும் விளம்பரமும் சேர்ந்தே வந்தன. கால்பந்தை விற்க டெண்டுல்கர், கங்குலி, டோனி என்று கிரிக்கெட்டுக்காரர்களைப் பங்குதாரர்களாக நிறுத்த வேண்டியிருந்தது என்பது ஒரு வேடிக்கை. சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2018-லும் கோப்பையை வென்றது, இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் 3-2. கோவையைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீகை வென்றது. மஞ்சள் சட்டை நம் பகுதி நடைபாதைக் கடைவரை வந்தது, நீலச் சட்டை வரவில்லை. பிறகு அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், புதுப்பிக்காமல் இழுத்தடித்ததில் 2025-ல் லீக் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. சரக்கு வராத கடைக்கு வாடிக்கையாளர் எத்தனை நாள் வருவார்? அதே 2014-ல் தொடங்கிய புரோ கபடிக்கு நம் ஊரில் அறிமுகமே தேவைப்படவில்லை. நோட்டில் எழுதி வளர்த்த ஆட்டம் டி.வி.யில் வந்தது, அவ்வளவுதான்.

பெரிய விளம்பரம் வராத இடத்தில் கால்பந்து வளராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரை மீனவ ஊர்களில் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியப் போட்டியை 2018-லும் 2023-லும் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. இந்தச் செய்தி நம் கடைவீதியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் கவனிக்க வேண்டிய ஊர் மலப்புரம். கேரளத்தின் அந்த மாவட்டத்திலும் பக்கத்திலும் ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து நடக்கிறது. மழை நின்றபின் தொடங்கி வெயில் காலம் வரை ஊர் ஊராக ஆட்டம், டிக்கெட் விற்று, விளக்குப் போட்டு, தற்காலிக கேலரி கட்டி. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள். அணிகளின் பெயரைப் பாருங்கள்: சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு. கடைத்தெருப் பெயர்ப்பலகை அப்படியே அணியின் பெயராகிவிட்டது. டி.வி. இடைவெளி இல்லை என்று அவர்கள் அழவில்லை. சட்டையிலேயே கடையை எழுதிவிட்டார்கள். ஆட்டம் முழுவதும் விளம்பரம்தான். அங்கே குறைகளும் உண்டு. 2022 மார்ச்சில் அந்த மாவட்டத்தில் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். காசு வசூலிப்பவர் மரக்கட்டையின் பலத்தையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவும் சும்மா இருந்துவிடவில்லை. 1994 உலகக் கோப்பையை நடத்தியபோது ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 69,000 பேர் அளவில் வந்தார்கள். 1996-ல் புது லீக் பத்து அணிகளோடு தொடங்கி 2025-ல் முப்பது அணிகள் ஆனது. 2023-ல் மெஸ்ஸி அங்கே ஆடப் போனார். 2026 உலகக் கோப்பையின் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் ஆட்டத்தை நிறுத்துவது என்று 2025 டிசம்பரில் ஃபிஃபா அறிவித்தது. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்துவார்களாம். ஆட்டக்காரருக்கு மட்டும்தானா தாகம் என்று வியாபாரியிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பகுதியில் சம்பா அறுவடை முடிந்தால் மாசி, பங்குனியில் வயல் காலி. ஏழு பேர் ஆட்டத்துக்கு முழு மைதானமும் வேண்டாம், முள் பொறுக்கிய ஒரு பள்ளி மைதானம் போதும். அடுத்த மாதக் கூட்டத்தில், கபடிக்கு எழுதுவதைக் குறைக்காமல், ஒரு செவன்ஸ் போட்டிக்குச் சட்டையும் பந்தும் கடைக்கு ஒரு பங்காக ஏற்பது பற்றிப் பேச விரும்புகிற உறுப்பினர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம். ஜலந்தர் மொத்த விலைப் பட்டியலை அதற்குள் வரவழைத்து வைப்போம். பம்பும் ஊசியும் சேர்த்து.