தலைமாட்டில் மெயின் போர்டா?

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிளாட்டின் மொத்த மீட்டர் போர்டு. இந்தப் பக்கம் குழந்தையின் தொட்டில். "ஏங்க, அந்தக் கரன்ட் குழந்தையை ஏதாவது பண்ணுமா?" என்று மனைவி கேட்டால், "சும்மா இரு" என்று பேப்பரில் தலையை நுழைத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான கேள்விதான்.

1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்த்தைமர், எட் லீப்பர் என்ற இருவர், கரன்ட் அதிகம் பாயும் ஒயர்களுக்குப் பக்கத்து வீடுகளில் குழந்தைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிவதாக எழுதினார்கள். உலகமே அலறியது. பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்ததில், காந்தப் புலம் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும் வீடுகளில் மட்டும் ரத்தப் புற்றுநோயோடு லேசான தொடர்பு தென்பட்டது. காரணம் அதுவேதான் என்று நிரூபணமாகவில்லை. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இதை 'இருக்கலாம்' பட்டியலில் போட்டது.

பயப்படுவதற்கு முன் அளந்துவிடலாமே! டி.வி. ரிமோட் சைஸில் மீட்டர் கிடைக்கிறது. உள்ளே ஒரு கம்பிச் சுருள். விநாடிக்கு 50 தடவை துடிக்கும் காந்தப் புலம் அதில் துளி மின்சாரத்தை எழுப்பும். அதுவே எண்ணாகத் தெரியும். மில்லிகாஸில் காட்டினால் பத்தால் வகுங்கள், மைக்ரோடெஸ்லா ரெடி.

சாம்பிராணி காட்டுகிற மாதிரி வீசிக்கொண்டு நடக்காதீர்கள். பூமியின் காந்தத்திலேயே எண் குதிக்கும்! அசையாமல் பிடிக்கணும். ஒற்றைச் சுருள் மீட்டர் என்றால் மூன்று திசையிலும் திருப்பி, மூன்று எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். (கணக்கு வாத்தியார் எங்கிருந்தோ சிரிக்கிறார்.) ஏ.ஸி., ஹீட்டர் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை.

மின் புலத்தை அளப்பதென்றால் மீட்டரை மர ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நம் உடம்பே கணக்கைக் குழப்பிவிடும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். எலெக்ட்ரிக் ஷேவரிடம் 3 சென்டிமீட்டரில் 15 முதல் 1500 மைக்ரோடெஸ்லா வரை காட்டும். 30 சென்டிமீட்டர் தள்ளினால் 0.08 முதல் 9 வரைதான். சாதாரணச் சுவர் காந்தப் புலத்தைத் தடுக்காது, தூரம் குறைத்துவிடும். ஆகவே தொட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள், மறுபடி அளந்து பாருங்கள். செலவு பூஜ்யம்.

'கதிர்வீச்சு தடுக்கும் ஸ்டிக்கர்' விற்க யாராவது வந்தால் விரட்ட வேண்டாம். மீட்டரை நீட்டி, "ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், ஒட்டினப்புறம் ஒரு ரீடிங் காட்டுங்க ஸார்" என்று கேளுங்கள். அவராகவே கிளம்பிவிடுவார்!