தட்டிய அடி எப்போது காதில் விழும்?

பினாங்கு சூலியா தெருவில் ஓர் உருமி மேளக் குழு வாசித்தபடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிங் தெரு முனையில் உள்ள நாகூர் தர்கா அருகே நீங்கள் நிற்கிறீர்கள். குழு 35 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. குச்சி தோலில் படுவதைக் கண் உடனே பார்த்துவிடும். ஆனால், ஒலி காதுக்கு வந்து சேரப் பத்தில் ஒரு விநாடி ஆகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. அதாவது, ஒரு மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 3 மில்லி விநாடி வேண்டும்.

இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். மின்னியல் டிரம்மைக் கணினியோடு இணைத்து மேடையில் வாசிப்பவருக்கு இதுதான் முக்கியமான கணக்கு.

பழைய கடைவீடு ஒன்றில் உள்ள சிறிய காப்பிக்கடையில் முழு டிரம் செட்டை வாசித்தால் பாடகரின் குரல் அமுங்கிவிடும். மின்னியல் டிரம்மில் ஒலியைத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், அங்கே தட்டுவது ஓரிடம். ஒலி பிறப்பது வேறிடம்.

தட்டும் பலகைக்கு அடியில் ஒரு மெல்லிய வட்டத் தகடு இருக்கும். அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் பொருளால் ஆனது அது. இந்தப் பண்பை 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். பலமாக அடித்தால் மின்னழுத்தம் கூடும். டிரம்மின் கருவிப்பெட்டி அதை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றி, ‘எந்தப் பலகை, எவ்வளவு பலம்’ என்ற செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. இந்தச் செய்தி மொழியின் பெயர் மிடி. 1983இல் அறிமுகமான இதை உருவாக்கியதில் பெரும் பங்காற்றிய டேவ் ஸ்மித், இக்குதாரோ காக்கேஹாஷி இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மெல்லிசைக் கச்சேரிகளில் ‘ஆக்டாபேட்’ பார்த்திருப்பீர்கள். எட்டுப் பலகைகள் கொண்ட அதன் முதல் வடிவம் 1985இல் வந்தது. அதற்குச் சொந்த ஒலியே கிடையாது; வேறொரு கருவிக்கு மிடிச் செய்தி அனுப்புவதே அதன் வேலை. இன்று அந்த வேறொரு கருவியின் இடத்தில் மடிக்கணினி இருக்கிறது. உண்மையான டிரம்மை மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பதிவுசெய்த ஒலிகள் மென்பொருளில் இருக்கும். வந்த எண்ணுக்கு ஏற்ற பதிவை அது எடுத்து ஒலிக்கும்.

மிடியின் பழைய கம்பியில் ஓர் அடியின் செய்தி செல்லச் சுமார் 1 மில்லி விநாடிதான் ஆகிறது. பிறகு ஏன் தாமதம்? காப்பிக்கடையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தே தாரிக்காகக் கொண்டுபோனால் பணியாளர் ஓடிக் களைத்துவிடுவார். தட்டு நிறையும்வரை காத்திருந்தால் முதல் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். கணினியும் ஒலியைத் தட்டுத் தட்டாகத்தான் பரிமாறுகிறது. அந்தத் தட்டுக்குப் பஃபர் என்று பெயர்.

விநாடிக்கு 48,000 ஒலித் துணுக்குகள் என்று கொள்வோம். தட்டில் 1,024 துணுக்குகள் வைத்தால் 21 மில்லி விநாடி தாமதம். டிரம் ஏழரை மீட்டர் தள்ளி இருப்பது போலக் கேட்கும். 128 என்றால் 2.7 மில்லி விநாடி. ஒரு மீட்டருக்கும் குறைவு. அப்படியானால் தட்டை மிகச் சிறியதாக்கிவிடலாமே? முடியாது. கணினியால் உரிய நேரத்தில் நிரப்ப முடியாமல் போனால் ஒலி அறுந்து, ‘பட் பட்’ என்று வெடிக்கும். வீட்டில் என்றால் மீண்டும் தொடங்கலாம். மேடையில் பாட்டே நின்றுவிடும்.

எனவே, ஒத்திகையிலேயே சோதியுங்கள். 256இல் தொடங்கி, பாட்டின் மிக வேகமான பகுதியைப் பத்து நிமிடம் வாசியுங்கள். ஒலி அறுபடாவிட்டால் ஒரு படி குறையுங்கள். அறுபட்டால் ஒரு படி ஏற்றுங்கள். இணையத்தையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவையுங்கள். புளூடூத் ஒலிபெருக்கி வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடியைத் தாண்டும். நாம் முதலில் பார்த்த 35 மீட்டர் அதுதான்!

இன்னொன்று: உங்கள் ஒலிபெருக்கி 5 மீட்டர் தள்ளி இருந்தால் காற்றே 14 மில்லி விநாடி சேர்த்துவிடும். புதிய கணினி வாங்கப் பணம் தேடுவதற்கு முன், ஒலிபெருக்கியை அருகே நகர்த்துங்கள். அல்லது கம்பியுள்ள காதணி ஒலிபெருக்கியை மாட்டிக்கொள்ளுங்கள். செலவில்லாத தீர்வு அது.

நீங்களே செய்து பாருங்கள்: பள்ளித் திடலில் 35 மீட்டர் அளந்து, நண்பரை ஒரு தகர டப்பாவைத் தட்டச் சொல்லுங்கள். குச்சியைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேளுங்கள். பிறகு 70 மீட்டருக்குச் செல்லுங்கள். வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்து, பஃபர் 512 என்றால் டிரம் எத்தனை மீட்டர் தள்ளி இருப்பது போலக் கேட்கும் என்று கணக்கிடுங்கள்.