64 குறியீடுகளில் ஒரு பிழைச்செய்தி

மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள்: பிறந்த தேதிக்கு 6, பிறந்த இடத்துக்கு 2, கடைசியில் 4. மலாக்காவுக்கு 04-உம் 30-உம் உண்டு. அட்டையில் நடுவே 2 கோடுகள் இருப்பதால், அதைப் பார்த்து அப்படியே தட்டுகிறவர் 14 குறிகளைத் தட்டுவார். 12-ஐ மட்டும் ஏற்கும் நிரல் "தவறான உள்ளீடு" என்று சொல்லி நின்றுவிடும். மலாக்காவின் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில், பேரனின் கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பும் பாட்டிக்கு அந்த வரியால் என்ன பயன்? எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்ற இரண்டுமே அதில் இல்லை.

"தவறான உள்ளீடு": யுனிகோடில் 13 குறியீடுகள், யுடிஎஃப்-8 முறையில் 37 பைட்.

அதற்குப் பதிலாக, "அடையாள அட்டை எண்ணில் கோடு வேண்டாம். 12 இலக்கம் மட்டும் இடுங்கள்.": 64 குறியீடுகள், 168 பைட்.

தெளிவுக்கு ஆகும் கூடுதல் செலவு 131 பைட். திரையில் இது ஒரு செலவே அல்ல. குறுஞ்செய்தியில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 குறியீடுகளே. நம் வாக்கியம் 64-இல் அடங்கிவிடுகிறது. முன்னால் "தயவுசெய்து" சேர்த்தால் 75 ஆகி, இரண்டு செய்திகளாக உடைந்து இரட்டைக் கட்டணம் விழும். "இடுங்கள்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது; அது போதும்.

கோட் ரிவியூவில் பலர் தர்க்கத்தைத் துருவிப் பார்த்துவிட்டு, மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியத்தைத் தாண்டிப் போகிறார்கள். இது பெரிய குறை. பயனர் படிப்பது அந்த வாக்கியத்தை மட்டும்தான். 2008-இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை (WCAG) 2.0, அதன் 3.3.1-ஆம் விதியில் தவறு எங்கே என்பதை எழுத்தில் சொல்லச் சொல்கிறது, 3.3.3 திருத்தும் வழியையும் கேட்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: இந்தச் செய்தி தேவையா? கோடுகளை நிரலே நீக்கிக்கொள்ள ஒரு வரி போதும். 14 தானே 12 ஆகிவிடும். பிறகு உண்மையான தவறுக்கு மட்டும் செய்தி வரட்டும். 11 இலக்கம் இருந்தால் "1 இலக்கம் குறைகிறது" என்றும், மாதம் 13 என்றிருந்தால் "பிறந்த மாதத்தைச் சரிபாருங்கள்" என்றும் தனித்தனியாகச் சொல்லலாம். 04-ஐ மட்டும் மலாக்கா என்று ஏற்கும் நிரலைத் திருப்பி அனுப்ப வேண்டும். 30 உள்ளவரிடம் ஒரு தவறும் இல்லை.

தமிழ் வரியோடு மலாய் வரியும் இருக்கட்டும். காஜா பேராங்கில் வாழும், தமிழ் வழிவந்த மலாக்கா செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான்.

மலாக்காவின் 3 மாவட்டங்களிலிருந்தும் நிரல் எழுதப் போயிருக்கும் பிள்ளைகளே, அடுத்த ரிவியூவில் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.