வாக்காளர் இடாப்பில் நம் பெயர்

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த எத்தனையோ நாடுகளுக்கு முன்பாகவே நமக்குக் கிடைத்த உரிமை அது. நம் பிள்ளைகள் இதைப் பாடசாலையில் படிக்கிறார்கள். 18 வருடங்களின் பின் என்ன நடந்தது என்பதை வீட்டில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகளே அதற்குக் காரணம். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தது மட்டும் அதற்குப் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயன் அறையில் வாழ்ந்தவரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் அவர் எங்கே போவார்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகள் மட்டுமே இடாப்பில் இருக்கலாம் என்றார்கள். 1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இது மலையகத் தமிழரின் பிரச்சினை, நமக்கென்ன என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். அது சரியல்ல. 1949இல் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறுவதற்காகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம்'. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எண்ணப்பட்டோரும், தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கும் மலைநாட்டு நகரங்களுக்கும் வியாபாரத்துக்கு வந்து தங்கிய முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். இவற்றைக் கொண்டுவந்த அமைச்சரவையில் நம் சமூகத்தின் பெருந்தலைவர் டி.பி. ஜாயாவும் இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அரசியல் யாப்பு காப்பாற்றவில்லையா? சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மீது மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை விதிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. கோடகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்ல தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். முதலில் விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் உயர்நீதிமன்றத்தை ஆமோதித்தது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரம் என்பதே காரணம். சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. யாரைத் தாக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்த முடியும் என்று காட்டிய வழக்கு இது.

இதைச் சீர்செய்ய எடுத்த காலம் நீண்டது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். மனிதர்களைத் தேயிலைப் பெட்டி போல் பங்கிட்ட கணக்கு அது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988, 2003 வருடச் சட்டங்கள்தான் தீர்வு தந்தன. 2003இல் இன்னொரு திருத்தமும் வந்தது: அதுவரை தந்தை வழியாக மட்டுமே பிள்ளைக்குக் கிடைத்த பிரஜாவுரிமை தாய் வழியாகவும் கிடைத்தது. வெளிநாட்டவரை மணந்த நம் பெண்களின் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

நம் சமூகத்துக்கு இடாப்பின் அருமை நேரடியாகப் புரிந்தது 1990க்குப் பிறகு. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் புத்தளத்தில் குடிசை போட்டார்கள். இடாப்போ வழமையாக வசிக்கும் முகவரியைக் கேட்கிறது. புத்தளத்தில் பதிந்தால் ஊரோடு உள்ள பிடி போகும். மன்னாரில் பதிந்தால் 'இங்கே நீங்கள் இல்லையே' என்ற கேள்வி வரும். இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரிலேயே பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஆனாலும் 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் கல்லெறியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. உயிரிழப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் பயணத்தைத் தொடர்ந்து போய் வாக்களித்தார்கள்.

வாக்கு அமானிதம், அது ஒரு சாட்சியம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். இடாப்பில் பெயரில்லாதவர் எந்தச் சாட்சியத்தைச் சொல்வார்? இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் தரும் படிவத்தை வாப்பா மட்டும் அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடும் வீடுகளில், 18 வயதான பிள்ளையும் மணமுடித்து வந்த மருமகளும் விடுபட்டுப் போகிறார்கள். மகளின் பெயர் பழைய ஊரிலும் இல்லாமல் புது ஊரிலும் இல்லாமல் நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். பட்டியலைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் போய்ப் பாருங்கள், உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெயர் இல்லையென்றால் அந்தக் காலத்துக்குள்ளேயே எழுத்தில் உரிமைக் கோரிக்கை கொடுங்கள், பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.