இடுப்பில் தம்பி

ஆண், பெண் என்ற உணர்வு குழந்தைக்குள் எப்படி ஊறுகிறது என்று விளக்கும் கோட்பாடுகளில் பெரும்பாலானவை தாயின் மடியிலிருந்தோ தகப்பனின் அதிகாரத்திலிருந்தோதான் தொடங்குகின்றன. சிவகாசிப் பக்கத்திலுள்ள ஆனைக்குட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசு, தீப்பெட்டி ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தால், அங்கே ஓர் ஆள் குறைவது தெரியும். அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருந்தாலும் இது மழையை நம்பிக் கிடக்கும் பூமி. விவசாயம் கைவிட்ட குடும்பங்களைத் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் பிடித்துக்கொண்டன. தாய் காலையிலேயே கம்பெனி வண்டி ஏறிவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் அக்கா. “தம்பியப் பாத்துக்கோ தாயி” என்று சொல்லிவிட்டுப் போகும் தாய்க்குப் பின்னால், தானே இன்னும் பால்பல் விழாத ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கணக்கில் சேர்க்காத எந்தக் கோட்பாடும் இந்த மண்ணில் ஆண்பிள்ளை எப்படி ஆணாகிறான், பெண்பிள்ளை எப்படிப் பெண்ணாகிறாள் என்பதைச் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி.

கோட்பாடுகளின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிக்மண்ட் ஃபிராய்டு 1905இல் குழந்தைப் பருவத்துப் பாலுணர்வைப் பற்றி எழுதினார். 1925இல், உடல் வேறுபாடு மனத்தில் என்ன செய்கிறது என்று தனிக் கட்டுரையே எழுதினார். தன்னிடம் ஆண்குறி இல்லை என்று காணும் சிறுமிக்குள் ஒரு குறை விழுகிறது, பெண்மை அந்தக் குறையிலிருந்து முளைக்கிறது என்பது அவர் முடிவு. மறு ஆண்டே கேரன் ஹார்னி என்ற பெண் உளப்பகுப்பாய்வாளர் அதை மறுத்தார். இது ஆண்கள் தம் கண்ணால் பார்த்து எழுதிய உளவியல். பிள்ளை பெறும் ஆற்றலைக் கண்டு ஆண்களுக்கு வரும் பொறாமையை ஏன் யாரும் எழுதவில்லை என்று கேட்டார். நம் ஊரில் பெரியார் இதே முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்த்தார். பிள்ளைப்பேறுதான் பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்றால் பிள்ளை பெறுவதையே நிறுத்திக்கொள்ளட்டும் என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அவர் சொன்னது இன்றைக்கும் பலருக்குத் தொண்டையில் சிக்கும். 1978இல் அமெரிக்கச் சமூகவியலாளர் நான்சி சோடரோவ் கேள்வியையே மாற்றினார். பெறுவது யார் என்பதைவிட வளர்ப்பது யார் என்பது முக்கியம் என்றார். மகள் தன்னைப் போன்ற ஒருத்தியிடமே வளர்வதால் அவளிடமிருந்து அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உறவுக்குள் இருந்தபடியே தன்னை அறிகிறாள். மகனோ ‘நான் அவளைப் போல இல்லை’ என்று மறுத்துத்தான் ஆணாகிறான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நாம் சொல்லிவிட்டுக் கடந்து போவதற்கு அவர் ஒரு புத்தக அளவுக்குக் காரணம் சொன்னார்.

சோடரோவின் வாதத்தில் பெரிய பலம், பெண்மையை அது உடலிலிருந்து எடுத்து வேலைப் பிரிவினைக்குள் வைத்தது. பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. அவர் கண்முன் இருந்தது அமெரிக்க நடுத்தர வர்க்க வீடு: தகப்பன் வேலைக்குப் போகிறான், தாய் தனியாகப் பிள்ளையுடன் இருக்கிறாள். அந்த வீட்டில் அக்காவும் ஒரு குழந்தை, அவ்வளவுதான். கறுப்பினக் குடும்பங்களில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று பல பெண்கள் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதைப் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் 1990இல் எழுதியபோது இந்தக் குறை வெளிப்பட்டது. அதற்கும் முன்பே, 1977இல், தாமஸ் வைஸ்னர், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டுச் சமூகங்களை ஒப்பிட்டு, குழந்தையைக் குழந்தையே வளர்ப்பது உலகத்தில் எவ்வளவு பரவலான வழக்கம் என்று காட்டியிருந்தார்கள். ஆகவே சிவகாசிப் பக்கத்து அக்கா விதிவிலக்கல்ல. தாய் தனியாக அமர்ந்து வளர்க்கும் வீடுதான் விதிவிலக்கு.

இந்த அக்காவை வைத்துக்கொண்டு சோடரோவைத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். தம்பிக்கு முதலில் சோறு ஊட்டுகிறவள், கழுவிவிடுகிறவள், தூங்க வைக்கிறவள் எல்லாம் வல்ல ஒரு தாய் அல்ல. அவனைவிடச் சில வயதே மூத்த ஒரு சிறுமி. தாயிடமிருந்து பிரிந்து ஆணாவதற்கு மகன் மனத்துக்குள் பெரிய போராட்டம் நடத்த வேண்டும் என்கிறது கோட்பாடு. இவனுக்கு அந்தப் போராட்டம் இல்லை. இடுப்பிலிருந்து இறங்கிச் சில வருடங்களிலேயே அவளுக்கு உத்தரவு போட வீடு அவனுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. அவன் தட்டில் முதலில் விழுகிறது. அவன் பள்ளிக்கூடம் போகிறான். அவள் தண்ணீர்க் குடம் தூக்குகிறாள். தன்னைத் தூக்கி வளர்த்த கை தனக்குக் கீழான கை என்று அவன் கற்றுக்கொள்கிறான். பெண்மையைக் கண்டு அஞ்சி விலகுவதைவிட இது எளிதான பாடம், ஆழமாகப் பதியும் பாடமும்கூட. அக்காவின் பக்கமோ இன்னும் சிக்கலானது. தன்னை யாராவது தூக்க வேண்டிய வயதில் அவள் இன்னொருவனைத் தூக்குகிறாள். பிறர் தேவைக்கு ஏற்றபடி தன்னை வளைத்துக்கொள்ளும் குழந்தை தன் சொந்த ஆசைகளை மூடி வைத்து ஒரு பொய்த் தன்னிலையை வளர்த்துக்கொள்கிறது என்று இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1960இல் எழுதினார். ‘பொறுப்பான பிள்ளை’ என்று உறவினர்கள் மெச்சும் சிறுமிகளில் எத்தனை பேருக்கு அந்த மூடி பொருந்தும் என்று யோசிக்கலாம். தம்பி கீழே விழுந்து அடிபட்டால் திட்டு அவளுக்கு. அவள் விழுந்தால் அந்தத் திட்டும் அவளுக்குத்தான். குற்ற உணர்வு இப்படித்தான் பெண்ணின் கூடப்பிறந்ததாகிறது.

இதெல்லாம் ஊகம்தானே, ஆதாரம் எங்கே என்று கேட்பது நியாயம். எனக்குத் தெரிந்தவரை இதற்கு மிக நெருக்கமான ஆதாரம் கென்யாவிலிருந்து வருகிறது. ஓயுகிஸ் என்ற ஊரில் லுவோ மக்களின் குழந்தைகளைக் கவனித்து கரோல் எம்பர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அங்கும் வீட்டு வேலையும் பிள்ளை பார்ப்பதும் சிறுமிகளின் பொறுப்பு. ஆனால் சரியான வயதில் அக்கா இல்லாத வீடுகளில் வேறு வழியில்லாமல் அந்த வேலைகளைச் சிறுவர்களிடம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள் செய்யும் அப்படிப்பட்ட வேலைகளைச் செய்த பையன்கள் மற்றப் பையன்களைவிடக் குறைவாகவே சண்டை பிடித்தார்கள். பிறருக்கு உதவுவதிலும் பழகுவதிலும் சிறுமிகளுக்கும் மற்றச் சிறுவர்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் இருந்தார்கள். உடல் மாறவில்லை, தாய் தகப்பன் மாறவில்லை. கையில் கொடுத்த வேலைதான் மாறியது. ஒரே ஓர் ஊர் ஆய்வை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது, சரி. ஆனாலும் எந்தப் பிள்ளை எந்த வேலையைச் செய்யும் என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விடாமல் பிறப்பின் வரிசை தீர்மானித்த இப்படியொரு வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

வேலை மனத்தை மட்டுமல்ல, விரல்களையும் ஆக்குகிறது. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை பெரும்பாலும் ஆண்களின் வேலை. சரம் பின்னுவது, குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது பெண்களின் வேலை. கூலியும் அதற்கேற்பக் குறைவு. காரணம் கேட்டால் பெண்களுக்குக் கை நளினம், பொறுமை என்பார்கள். பிறவியிலேயே வந்ததுபோல. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1990இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, பிஞ்சுக் கைகள் பொருள்களைத் தரம் பிரித்துப் பொதிவதற்கு ஏற்றவை என்று கருதி, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் அந்த வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்தலாம் என்றது. வயதுவந்தோருக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண்ணியப் பொருளியலாளர்கள் இந்த ‘நளினமான விரல்’ கதையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைப் பெண்களின் கைத்திறன் இயற்கையல்ல. சிறுவயது முதல் தாயும் உறவுப் பெண்களும் வீட்டில் கொடுத்த பயிற்சி. வீட்டுக்குள் நடந்த பயிற்சி யார் கண்ணிலும் படாததால் அது திறனாக எண்ணப்படுவதில்லை. திறனில்லாத வேலைக்குத் திறனில்லாத கூலி என்று முதலாளிக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. பூக் கட்டியும் தங்கைக்குச் சடை பின்னியும் பழகிய விரல் சரவெடி பின்னும்போது வேகம் காட்டாமல் என்ன செய்யும்?

இனி எதிர்க்கட்சி. வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம், இதில் நனவிலி மனத்துக்கு என்ன வேலை என்பார்கள் இடதுசாரி நண்பர்கள். 1983இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, விடியுமுன்பே கிராமம் கிராமமாக வண்டி வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன சிவகாசியை வெளி உலகத்துக்குக் காட்டியது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் அதையே காட்டியது. அந்தக் காலத்து விவரங்களிலெல்லாம் தீப்பெட்டி வேலையில் சிறுவர்களைவிடச் சிறுமிகளே அதிகம். வறுமை ஒரே வீட்டின் மகனையும் மகளையும் சமமாகத்தானே கடித்தது? மகன் பள்ளிக்கும் மகள் வேலைக்கும் போனதற்கு வறுமைக்கு மேல் ஒரு காரணம் வேண்டும். சிவகாசியையும் பார்த்து 1991இல் புத்தகம் எழுதிய மைரன் வீனர், ஏழ்மையைவிட, யார் படிக்கப் பிறந்தவர் யார் உழைக்கப் பிறந்தவர் என்ற நம்பிக்கையே குழந்தைத் தொழிலைத் தாங்கி நிற்கிறது என்றார். அவர் சொன்னது வர்க்கத்துக்கும் சாதிக்கும். வீட்டுக்குள் அதே நம்பிக்கை ஆண், பெண் என்று பிரிந்து நிற்கிறது.

இது பழைய கதை, இப்போது பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில்தானே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், சட்டமும் சத்துணவும் பெரிய மாற்றத்தைச் செய்தன. ஆனால் பள்ளிக்கு அனுப்புவதால் வீட்டு வேலை ஆண் பக்கம் நகர்ந்துவிடவில்லை. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கேட்ட 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். புறக்காரணம் மாறிய பிறகும் பழக்கம் மாறாமல் நிற்கும் இந்த இடத்தில்தான் உளப்பகுப்பாய்வு தேவைப்படுகிறது. யாரும் ஏவாமலே பள்ளிவிட்டு வந்ததும் பாத்திரத்தின் முன் உட்காரும் சிறுமியையும், உட்காராவிட்டால் அவளுக்குள் குறுகுறுக்கும் ஒன்றையும் பொருளாதாரம் மட்டும் விளக்காது.

இது வியன்னா சரக்கு, நமக்கு ஒட்டாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறிய 1922ஆம் ஆண்டில்தான், அதே நகரத்தில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். தம்மிடம் வந்த இந்திய ஆண்களிடம் பெண்ணாக வேண்டும் என்ற ஆசை ஐரோப்பியரைவிட எளிதாக வெளிப்படுகிறது என்று ஃபிராய்டுக்கே எழுதி வாதாடியவர் அவர். கோட்பாட்டை வாங்கியவுடன் திருத்த ஆரம்பித்தோம். தீப்பெட்டியையும் அப்படித்தான் செய்தோம். அக்காவைச் சேர்த்து இன்னொரு திருத்தம் செய்வதில் தவறில்லை.

திருத்தினால் நடைமுறையில் என்ன மாறும்? 1996இல் உச்ச நீதிமன்றம் அதே மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குழந்தைக்குப் பதிலாக வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சரம் பின்னும் தொழிலில் அந்த வயதுவந்தவர் பல வீடுகளில் தாயாகத்தான் இருக்க முடியும். அவள் போனால் கைக்குழந்தை மறுபடி அக்காவிடம். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது; வெடிமருந்து இருக்கும் வளாகத்துக்குள் கைக்குழந்தையைக் கொண்டுபோக எந்தத் தாய் துணிவாள்? காப்பகம் ஊருக்குள் இருக்க வேண்டும். கம்பெனி வண்டி புறப்படும் முன்பே திறந்து, அது திரும்பிய பிறகே மூட வேண்டும். அங்கன்வாடிக்குப் பெண்களை மட்டுமே எடுக்கும் பழக்கத்தையும் அங்கே விட்டுவிடலாம். பிள்ளையைத் துடைப்பதும் ஊட்டுவதும் ஆணும் செய்யும் வேலைதான் என்பதைத் தம்பிகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. செலவில்லாத காரியம் ஒன்றும் இருக்கிறது: முதல் பிள்ளை ஆணாகப் பிறந்த வீட்டில் கைக்குழந்தை அவனைத் தாண்டி இரண்டாவதாகப் பிறந்த தங்கையின் இடுப்புக்குப் போகிறதே, அதை அவன் இடுப்பிலேயே நிறுத்துவது.