ஊசி முனையில் எதிரி! ராணுவ ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஓசையில்லாத யுத்தம்

மேல்மலையனூர்:

அமாவாசை ராத்திரி என்றால் மேல்மலையனூர் தாங்காது. அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் லீவில் வந்த பட்டாளத்துப் பிள்ளைகளையும் பார்க்கலாம். ஒட்ட வெட்டிய முடியே காட்டிக் கொடுத்துவிடும்.

"தம்பி, எந்த எல்லையில நிக்கிற?" என்று ஊர்ப் பெரியவர் கேட்பார். "எல்லையில இல்ல தாத்தா, மிலிட்டரி ஆஸ்பத்திரியில" என்று பதில் வந்தால், "அப்ப கவலை இல்ல, நிழல்ல உத்தியோகம்" என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்.

நிழல் என்னவோ உண்மை. கவலை இல்லை என்பதுதான் பொய்!

இதற்குச் சாட்சி தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி செஞ்சிக்கோட்டை நிற்கிறது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதே கோட்டைதான். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் அதைப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். இடைப்பட்ட பத்துப் பதினொரு வருஷத்தில் அங்கே 1,200 ஐரோப்பிய சிப்பாய்கள் மாண்டார்கள் என்று பழைய ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன. எதிரியின் பீரங்கியால் அல்ல. அந்த இடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், நோயில் விழுந்து!

வேலை செய்கிற இடமே ஆளைக் கொல்லும். இந்த விஷயம் பட்டாளத்துக்குப் புதிதல்ல. அந்த இடத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும் என்ற எண்ணம்தான் தாமதமாக வந்தது.

யார் இந்த ஆள்?

அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தனி உத்தியோகமே உண்டு. பாதுகாப்பு நிபுணர் என்று பெயர். பெரும்பாலும் சீருடை போடாத சிவிலியன். வைத்தியம் பார்க்க மாட்டார், ஊசி போட மாட்டார். வார்டு வார்டாகச் சுற்றுவார். தரை வழுக்குகிறதா, சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறதா, தீ வழியில் பழைய கட்டிலைப் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அவர் வருவதைக் கண்டாலே எல்லோருக்கும் எரிச்சல்.

நம் நாட்டில் இந்த வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. எக்ஸ்ரே பகுதிக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது அணுசக்தித் துறையின் 2004-ம் வருஷ விதி. தொற்று பரவாமல் பார்ப்பது ஒரு சிஸ்டர் பொறுப்பு. தீயணைப்பு வேறொருவர் தலையில். ஆஸ்பத்திரிக் கழிவு விஷயத்தில் ராணுவத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகாரி இல்லை. ஆயுதப்படை மருத்துவப் பிரிவின் டைரக்டர் ஜெனரலே அதிகாரி என்று 2016 விதி சொல்கிறது. அதாவது வீட்டுக் கணக்கை வீட்டுக்காரரே தணிக்கை செய்வது மாதிரி. அது நல்லதா கெட்டதா என்பது தணிக்கை செய்கிறவரைப் பொறுத்தது.

குத்தினால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரிக்குள் முதல் எதிரி ஊசிதான். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டும்போது விரலில் குத்திவிடும். குப்பை அள்ளுகிற ஆயா கையில், பைக்குள் கிடந்த ஊசி ஏறிவிடும். 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று துடைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

அந்த எறும்புக் கடியின் கணக்கைக் கேளுங்கள். நோயாளிக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தால், குத்துப்பட்ட ஆயிரம் பேரில் மூன்று பேருக்குத் தொற்றலாம். ஹெபடைட்டிஸ் 'சி' என்றால் நூற்றுக்கு மூன்று. ஹெபடைட்டிஸ் 'பி' என்றால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு முப்பது வரை! எய்ட்ஸ் பெயரைக் கேட்டு நடுங்குகிறோம். நூறு மடங்கு சுலபமாகத் தொற்றுகிற மஞ்சள் காமாலைக் கிருமிக்கு மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சோம்பல்!

குத்தினால் செய்ய வேண்டியது இதுதான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது. உடனே மேலே சொல்ல வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இங்கேதான் பட்டாளத்துச் சங்கடம். 'மேலே சொல்வது' என்றால் யாரிடம்? சிப்பாய் ஹவில்தாரிடம், ஹவில்தார் சுபேதாரிடம், சுபேதார் மேஜரிடம். "நீ ஏன் கவனமா இருக்கல?" என்ற கேள்விக்குப் பயந்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. 72 மணி நேரமோ யாருக்கும் காத்திருக்காது. நோட்டுப் புத்தகத்தோடு சுற்றும் அந்த ஆளின் பெரிய வேலை சிலிண்டர் எண்ணுவது அல்ல. 'சொன்னால் திட்டு விழாது' என்று கடைசி ஆளையும் நம்ப வைப்பது.

2021 டிசம்பர் 8-ந்தேதி குன்னூரில் முப்படைத் தளபதி சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியின் பெயர் அன்று நாடெங்கும் அடிபட்டது. அந்த மாதிரி ஓட்டமும் அவசரமும் உள்ள நேரத்தில், எந்த ஆஸ்பத்திரியிலும் கையுறை மாட்ட மறப்பதும் ஊசியைக் கண்ட இடத்தில் வைப்பதும் சுலபம்.

கையை இழந்த டாக்டர்

இரண்டாவது எதிரி கண்ணுக்கே தெரியாது. ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் என்று ஒரு பிரிட்டிஷ் டாக்டர். 1896 ஜனவரியில், ஒருவர் கையில் புதைந்த ஊசியை எக்ஸ்ரே பிடித்துக் காட்டியவர். (அங்கேயும் ஊசிதான்!) பிறகு தென்னாப்பிரிக்க போயர் யுத்தத்தில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய், சிப்பாய்கள் உடம்பில் குண்டு எங்கே என்று படம் பிடித்துக் கொடுத்தார். கதிர் பட்டால் கெடுதல் என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. மெஷின் வேலை செய்கிறதா என்று சொந்தக் கையை நீட்டிப் பார்ப்பது அந்தக் காலப் பழக்கம். கை புண்ணாகி, புண் புற்றாகி, 1908-ல் இடது கையை வெட்டி எடுத்தார்கள். எத்தனையோ சிப்பாய்களுக்குக் குண்டைக் காட்டிக் கொடுத்த கை அது.

இன்று எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர் சட்டையில் சின்னப் பட்டை ஒன்று தொங்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். இந்தியாவில் வரம்பு, ஐந்து வருஷச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பட்டையை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு டூட்டிக்கு வருகிறவரை என்ன செய்வது?

மூன்றாவது எதிரி, சாமான்களைக் கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தீர்மானமானது. இதில் விசேஷம், வாசனை மூக்குக்கு எட்டுவதற்குள் வரம்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உள்ளே போயிருக்கும். மூக்கை நம்பிப் பயனில்லை, கருவிதான் கதி.

ஒரு பாட்டில் ரத்தம்

கவனம் தவறினால் என்ன நடக்கும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2002-ல் பாகிஸ்தான் எல்லையில் படைகள் குவிந்திருந்த நேரம். உடம்பு சரியில்லாமல் போன விமானப்படை வீரர் ஒருவருக்கு, காஷ்மீர் மாநிலம் சாம்பாவில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2014-ல் அவருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தது. அந்த ரத்தம்தான் காரணம் என்று ராணுவத்தின் மெடிக்கல் போர்டே எழுதியது. ஆனாலும் நஷ்டஈட்டுக்கு அவர் அலையோ அலையென்று அலைந்தார். நுகர்வோர் ஆணையம் கைவிரித்தது. கடைசியில் 2023 செப்டம்பர் 26-ந்தேதி, ராணுவமும் விமானப்படையும் பொறுப்பு என்று சொல்லி, 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட்.

அவர் நோயாளிதானே, ஊழியர் இல்லையே என்று கேட்கலாம். படுத்திருப்பவனும் பணியில் இருக்கும் சிப்பாய்தான். ஊழியருக்கும் சட்டம் இருக்கிறது. 2017-ம் வருஷ எச்.ஐ.வி. சட்டத்தின் 19-வது பிரிவைப் பாருங்கள். கிருமி தொற்ற வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை முதலான தடுப்புச் சாதனமும், பயிற்சியும், குத்துப்பட்டால் மாத்திரையும் நிர்வாகம் கொடுத்தே ஆக வேண்டும். பெரிய டாக்டருக்கும் சரி, தரை கூட்டுகிறவருக்கும் சரி, ஒரே சட்டம்.

கொரோனா காலத்தில், 2020 மே 3-ந்தேதி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூ தூவின. சென்னை பெரியாஸ்பத்திரி மேலேயும் விழுந்தது. பூவை வரவேற்போம். கூடவே கையுறையும் ஒரு பெட்டி போட்டிருக்கலாம்!

அடுத்த தடவை செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஊசி போட்டுக்கொள்ளும்போது, போட்ட பிறகு அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். வெள்ளை நிறக் கெட்டி டப்பாவுக்குள் போனால் சரி. மூடி மாட்டிச் சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டால், "சிஸ்டர், வெள்ளை டப்பா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். சாயந்திரம் அந்தக் கூடையைக் கொட்டப் போகிறவர் கையில் கையுறை இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.